ஔஷத தானமும் அபய தானமும்

ஆகாரம், ஔஷதம், சாஸ்திரம், அபயம் எனத் தானங்கள் நான்கு என்பர் ஆன்றோர். இலவசமாகக் கொடுப்பதனால் தரத்தைக் குறைத்துக் கொடுக்கலாமா? கிழிந்த புடவையைக் கொடுத்துவிட்டுத் தானம் செய்ததாக மனநிறைவு கொண்டவர்களே நாமும்.

அரசுப் பணியிலிருந்து ஓய்வுபெற்ற டாக்டர் ஜி. வெங்கடசாமி, 1976-ஆம் ஆண்டு மதுரையில் 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். முடக்குவாதத்தால் கோணிய விரல்களைக் கொண்டே அறுவை சிகிச்சை செய்தவர் அவர். வசதி உள்ளோர் செலுத்திய கட்டணம் ஏழைகளின் இலவச சிகிச்சைக்கு உதவியது. ஆயினும் ஒரு குறை நின்றது. புரை நீக்கிய கண்ணுக்குள் பொருத்தும் லென்ஸ் வெளிநாட்டிலிருந்து வந்தது. அதன் விலை ஏழைக்கு எட்டவில்லை. அவர்களில் பலருக்குத் தடித்த மூக்குக்கண்ணாடியே கிடைத்தது. அது உடைந்தால் மீண்டும் தடுமாற்றந்தான்.

இக்குறையைப் போக்க 1992-இல் மதுரையிலேயே ஆரோலேப் நிறுவப்பட்டது. அங்கே லென்ஸ் மிகக் குறைந்த விலையில் செய்யப்பட்டு, ஏழையின் கண்ணையும் அடைந்தது. ஒரு கண்டுபிடிப்பு பிறந்த நாளைவிட இவ்வாறு எளியவரை அடைந்த நாளே பெரிது என்போம்.

சில ஆண்டுகளுக்கு முன் நமக்கும் கண்புரை வந்தது. வாழ்நாளெல்லாம் எழுத்தறிவித்த நமக்கு எழுத்து மங்கியபோது எழுந்த அச்சம் சொல்லி மாளாது. கட்டணம் செலுத்த இயன்றதனால் அது விரைவில் நீங்கியது. இயலாதவர்க்கும் அச்சம் அதே அளவுதானே? மருந்தோடு, 'உமக்கென்று குறைத்துத் தரவில்லை' என்னும் உறுதியையும் அளித்தால் ஔஷத தானமே அபய தானமும் ஆகிறது.

இனி எதைக் கொடுக்குமுன்னும், நமக்குக் கொடுத்தால் இதனை ஏற்போமா என்று எண்ணிப் பார்ப்போமாக.