தறிக்குழிக்கு என்ன விலை?

2023 கடைசியில் நண்பர் ஒருவரோடு களம்பூருக்குப் போயிருந்தேன். ஆரணிக்குப் பக்கத்து ஊர். அரிசிக்குப் பேர் போனது. நண்பரின் அப்பா பட்டு நெசவாளி. வீட்டுக்குள் நுழைந்தால் கூடத்தில் சோபா இல்லை, தறிதான் இருக்கிறது. தரையில் குழி. அதில் காலை இறக்கி உட்கார்ந்து, நாற்பது வருஷமாக மிதித்துக்கொண்டிருக்கிறார் பெரியவர்.

அந்த வீட்டை விற்கலாமா என்று கேட்கத்தான் நண்பர் வந்திருந்தார்.

காரணம், சென்னையில் வாங்கிய ஃப்ளாட். 2022 தொடக்கத்தில் வீட்டுக் கடன் வட்டி 7 சதவிகிதத்துக்குப் பக்கத்தில் இருந்தது. ‘இதைவிட மலிவா இனிமே கிடைக்காது’ என்று எல்லோரும் சொன்னார்கள். 30 லட்சம், 20 வருஷம், மாசம் 23,259 ரூபாய். கையெழுத்துப் போட்டுவிட்டார். அந்த மே மாசமே ரிசர்வ் வங்கி வட்டியை ஏற்ற ஆரம்பித்தது. 4 சதவிகிதமாக இருந்த ரெப்போ, 2023 பிப்ரவரியில் 6.5 ஆனது.

நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். 7 சதவிகிதம் 9 ஆனால், அதே தவணையில் கடன் அடைய 20 இல்லை, 38 வருஷம் ஆகும்! இல்லாவிட்டால் தவணை 26,992 ரூபாய் ஆக வேண்டும். எது வேண்டும் என்று கடன் வாங்கினவரையே கேளுங்கள் என 2023 ஆகஸ்ட்டில் ரிசர்வ் வங்கி சொல்ல வேண்டி வந்தது.

அமெரிக்காவில் கதை வேறு. அங்கே பெரும்பாலும் 30 வருஷத்துக்கு ஒரே வட்டி. 2021-ல் 3 சதவிகிதத்தில் வாங்கினவர்கள் பலர், அடுத்த வருஷம் வட்டி 7-ஐத் தாண்டியதும் வீட்டை விற்கவே தயங்கினார்கள். விற்றுவிட்டு வேறு வாங்கினால் புது வட்டி கட்டணுமே! அங்கே ஏறின வட்டி, ஆளை அவர் வீட்டோடு கட்டிப்போட்டது. இங்கே மகனின் கண்ணை அப்பா வீட்டுப் பக்கம் திருப்பியது.

“பக்கத்துத் தெருவுல ஒரு வீடு நல்ல விலைக்குப் போச்சாம்பா...” என்று ஆரம்பித்தார் நண்பர்.

பெரியவர் தறியை நிறுத்தினார். “நானும் முதலாளிகிட்ட முன்பணம் வாங்கினவன்தான். அது தீர்ற வரைக்கும் வேற இடத்துக்குப் போக முடியாது. ஆனா, என் ரெண்டு கையை நம்பித்தான் வாங்கினேன். நீ எதை நம்பி வாங்கினே?”

நண்பர் பதில் பேசவில்லை.

கடன் வாங்கி வீடு வாங்குவது தப்பில்லை. வட்டி பார்த்து வாங்குவது புத்திசாலித்தனமும்கூட. ஆனால் கையெழுத்துப் போடும்போது, ‘ஊர்ல அப்பா வீடு இருக்கு’ என்று ஒரு வரியை மனசுக்குள் சத்தமில்லாமல் சேர்த்துக்கொள்கிறோமே, அது நம் வரவா? அங்கே ஒருவர் உயிரோடு, உழைத்துக்கொண்டு இருக்கிறாரே! ஃப்ளாட்டின் மூணாவது மாடியில் தறிக்குழி தோண்ட முடியுமா?

திரும்பி வரும்போது கேட்டேன்: “அப்ப அந்த ஃப்ளாட்டையே வித்துடலாமே?”

“ஐயையோ! கட்டின வட்டி, பதிவுச் செலவு எல்லாம் சேர்த்தா போட்ட காசு வராதே. எப்படி மனசு வரும்?”

ரெண்டு வருஷம்கூட ஆகாத ஃப்ளாட்டின் மேல் நமக்கு இருக்கும் பிடிப்பு நியாயம். நாற்பது வருஷத் தறிக்குழி மேல் அப்பாவுக்கு இருந்தால் அது வெறும் சென்டிமென்ட். நல்லா இருக்கே நம்ம தராசு!

நண்பர் வீட்டை விற்கவில்லை. செலவைக் குறைத்தார், தவணையைக் கூட்டிக் கட்டினார். 2025-ல் ரிசர்வ் வங்கி வட்டியைக் குறைக்க ஆரம்பித்தது, அவரும் கொஞ்சம் மூச்சு விட்டார். ஏறின வட்டி இறங்கிவிட்டது. மூடின தறிக்குழி திரும்ப வந்திருக்குமா?

அன்றைக்குக் கிளம்பும்போது பெரியவர் ஒரு சிப்பம் அரிசியை காரில் ஏற்றினார். “தவணைக்கு என்னால ஆகாது. சோத்துக்கு ஆகும், எடுத்துட்டுப் போ” என்றார்.

கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடும்முன் வங்கி ஆயிரம் கேள்வி கேட்கும். இதை மட்டும் கேட்காது. நாம்தான் கேட்டுக்கொள்ள வேண்டும். வட்டி ரெண்டு சதவிகிதம் ஏறினால், நான் யார் வீட்டு வாசலில் போய் நிற்பேன்?