எந்த ஊர்க் கறி?

லண்டன் ஹோட்டல் ஒன்றில் நான் கோப்பை கழுவிய நாட்களில் பக்கத்துத் தொட்டியில் நின்றவர் ஒரு கியூபாக்காரர். சாண்டியாகோ நகரத்தவர். அது அவர் நாட்டின் கிழக்கு. நானும் என் நாட்டின் கிழக்கிலிருந்து போனவன். விடுமுறை கிடைத்தால் இரண்டு பேருக்கும் ஒரே அலைச்சல்தான். அவர் கியூபாச் சாப்பாடு தேடிப் போவார், நான் மட்டக்களப்புச் சாப்பாடு தேடிப் போவேன். மறுநாள் தொட்டியடியில் கண்ணால் கேட்டுக்கொள்வோம். பதில் பெரும்பாலும் உதட்டைப் பிதுக்குவதுதான்.

கியூபா என்று பலகை மாட்டிய இடங்களில் சே குவேரா படம் இருக்கும், ரம் இருக்கும், காது கிழியப் பாட்டு இருக்கும், சோறு மட்டும் கடைசியாக வரும் என்பார். வந்த சோற்றிலும் கறுப்பு அவரை விதை. சாண்டியாகோப் பக்கம் சிவப்பு விதை போட்டு ஆக்குவார்கள், அதற்குக் கொங்ரீ என்று பேர். கறுப்பு ஹவானாக்காரர் சங்கதி என்று முகத்தைச் சுளிப்பார். எனக்கு அந்தச் சுளிப்பு நன்றாக விளங்கியது. ஈஸ்ட்ஹாம், டூட்டிங், வெம்பிளி எங்கே போனாலும் இலங்கைத் தமிழ்க் கடை என்றால் யாழ்ப்பாணக் கடைதான். வறுத்து இடித்த தூள், ஒடியல் கூழ், கண்ணில் நீர் வரவைக்கும் உறைப்பு. குறை சொல்ல மாட்டேன், பல இரவுகளில் என் பசியை ஆற்றியவை அந்தக் கடைகள். ஆனால் அது எங்கள் ஊர்ச் சாப்பாடு இல்லை.

எங்கள் ஊர்ச் சாப்பாடு என்றால் வாவியைச் சொல்ல வேண்டும். வாவிக்குக் கிழக்கே எழுவான்கரை, மேற்கே படுவான்கரை. படுவானில் வயலும் மாடும் எருமையும், எழுவானில் தென்னையும் கடலும், நடுவில் ஐம்பது கிலோமீற்றருக்கு மேல் நீண்டு கிடக்கும் உவர்நீர். கல்லடியில் எங்கள் வீட்டுப் பீங்கானில் மத்தியானம் இத்தனையும் ஒன்றாக வந்து சேரும். சோறு படுவானிலிருந்து வந்தது. இறால் விடியப்புறம் வாவியில் பிடித்தது. தேங்காய் வளவில் விழுந்தது. கடைசிப் பிடி சோற்றுக்குத் தயிர், வாழைப்பழம், சீனி. அந்தத் தயிரைப் பற்றிக் கியூபாக்காரருக்குச் சொல்லி நான் களைத்துப்போயிருக்கிறேன். எருமைப்பாலில் கொழுப்பு பசும்பாலைவிட ஏறத்தாழ இருமடங்கு. மண்சட்டி தண்ணீரை மெல்ல மெல்ல உறிஞ்சிக்கொள்ளும். அதனால்தான் சட்டியைக் கவிழ்த்தாலும் தயிர் விழாது. லண்டன் பிளாஸ்ரிக் வாளித் தயிரைக் கவிழ்க்கவே தேவையில்லை, மூடியைத் திறந்தாலே ஓடும்.

ஒரு நாள் அம்மாவுக்குத் தொலைபேசி அட்டை வாங்கி அழைத்தேன்.

"அம்மா, இறால் கறிக்கு எத்தனை கரண்டி தூள்?"

"எத்தனை இறால் மனே?"

"ஒரு பெட்டி."

"பெட்டி எண்டா?"

ஐஸில் உறைந்த பெட்டி இறாலை அம்மாவுக்கு விளங்கப்படுத்துவதற்குள் அட்டையில் காசு முடிந்துவிட்டது.

இப்படிப் புலம்பிக்கொண்டிருந்த எனக்குப் போகப் போக ஒரு சந்தேகம் தட்டியது. 'அசல்' என்று நான் பிடிவாதம் பிடிக்கும் சாப்பாட்டில் அசல் எவ்வளவு? வாவியில் இன்று வலை போட்டால் தாராளமாக ஏறுவது திலாப்பியா. சனம் ஜப்பான் மீன் என்னும். அது ஜப்பானும் இல்லை, மட்டக்களப்பும் இல்லை. ஆபிரிக்காவின் மீன், 1952இல் இலங்கைக்குக் கொண்டுவந்து விட்டது. மிளகாய் போர்த்துக்கேயர் காலத்தில் வந்தது, அதன் பூர்வீகம் கியூபாவுக்கு அண்டைக் கரைகள். ஆக என் அம்மாவின் மீன்குழம்பில் பாதி, தொட்டியடி நண்பரின் ஊர்ப்பக்கத்துச் சரக்கு. மறுபுறம், உண்மையிலேயே களப்புக்குச் சொந்தமான பெரிய நண்டு எங்கள் பீங்கானுக்கு வருவதே இல்லை. கை அகலத்துக்கு மேல் வளர்ந்ததெல்லாம் சிங்கப்பூருக்கு விமானம் ஏறுகிறது. அங்கே அதற்கு 'இலங்கை நண்டு' என்று பெரிய மரியாதை. எங்களுக்கு மிஞ்சுவது குஞ்சு நண்டு.

இதைச் சொன்னபோது கியூபாக்காரர் கோப்பையை வைத்துவிட்டுச் சிரித்தார். தொண்ணூறுகளில் அவர் நாட்டில் வீட்டுக்குள்ளேயே சாப்பாட்டுக்கடை நடத்தச் சட்டம் இடம் கொடுத்தது. அப்போது பன்னிரண்டு கதிரைக்கு மேல் போட விடவில்லை. மாட்டிறைச்சியும் சிங்கி இறாலும் பரிமாறவும் விடவில்லை, அவை அரசாங்க உணவகங்களுக்கு ஒதுக்கியிருந்தவை. அந்த வீட்டுக் கடைகளுக்குச் சனம் வைத்த பெயர் பலடார். அண்ணம், ருசி என்று பொருள். ஒரு பிரேசில் தொலைக்காட்சித் தொடரிலிருந்து எடுத்த பெயராம். நல்ல கியூபாச் சாப்பாடு வேண்டுமென்றால் யாராவது ஒருவர் வீட்டின் முன்கூடத்தில்தான் போய்க் குந்த வேண்டும் என்றார்.

அந்தப் பேச்சு எனக்குள் எதையோ திறந்துவிட்டது. மட்டக்களப்பு நகரத்திலேயே மட்டக்களப்புச் சாப்பாடு விற்ற கடை எது? யோசித்து யோசித்துப் பார்த்தேன். கொத்து, பிரியாணி, ப்ரைட் ரைஸ், பொட்டலச் சோறு... அம்மாவின் கறி எந்தக் கடையிலும் விலைக்கு இருந்ததில்லை. அது வீட்டுக்குள்ளேயே இருந்த பொருள். எங்கள் பக்கம் குடி தாய்வழியில் வரும், வீடு மகளுக்குப் போகும். கல்யாணம் கட்டிய ஆண் மனைவி வீட்டுக்குப் போவான். அப்படியானால் அம்மியும் ஆட்டுக்கல்லும் கைப்பக்குவமும் அசையாமல் ஒரே குசினியில் அம்மம்மாவிடமிருந்து அம்மாவுக்கு, அம்மாவிடமிருந்து அக்காவுக்கு. ஆண்பிள்ளைகள் நாங்கள் அந்தக் குசினியில் விருந்தாளிகள். சண்டைக்காலத்தில் முதலில் கப்பலும் விமானமும் ஏறியவர்களோ பெரும்பாலும் நாங்கள். ருசியை நாக்கில் வைத்துக்கொண்டு போனோம், செய்முறையை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போனோம். பிறகு லண்டன் தெருக்களில் கடை கடையாகத் தேடினால் எப்படி அகப்படும்?

கடைசியில் அகப்பட்டது. நான் எதிர்பார்க்காத வீட்டில்.

ஹரோ பக்கம் குடியிருந்த காத்தான்குடி நண்பன் ஒருவன் ஒரு நாள் கூப்பிட்டான். "மச்சான், உம்மா வந்திருக்கா. சாப்பிட வா." கல்லடியிலிருந்து காத்தான்குடிக்குச் சைக்கிளில் போகும் தூரம்தான். ஆனால் 1990க்குப் பிறகு அந்தத் தூரம் பல வருடங்களுக்குக் கடக்க முடியாததாக இருந்தது. அந்த ஓகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்களைக் கொன்றதும், அந்த நாட்களில் சுற்றியிருந்த தமிழ்க் கிராமங்களில் நடந்த கொலைகளும் இரண்டு பேருக்கும் தெரியும். நாங்கள் அதைப் பேசியதில்லை. அன்றும் பேசவில்லை.

உம்மா பிட்டு வைத்தா, மீன் ஆணம் ஊற்றினா. முதல் வாய் வைத்ததும் கை நின்றுவிட்டது. கெட்டிப்பால் கடைசியில் விட்ட அந்த மெத்தென்ற ருசி, புளி பின்னுக்கு வந்து நிற்கும் அந்த ஒழுங்கு, எங்கள் வீட்டுக் கறிதான். பெயர் மட்டும் வேறு. காத்தான்குடியிலும் வீடு மகளுக்குத்தான் போகும். இரண்டு ஊர்க் குசினிகளும் ஒரே வாவித் தண்ணீரைப் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கின்றன. "என்ன மனே, உறைப்புக் கூடிப்போச்சா?" என்று கேட்டா உம்மா. அந்த 'மனே'யைக் கேட்டும் எத்தனை வருடம்.

எங்கள் ஊரில் தமிழரும் முஸ்லிம்களும் பிட்டும் தேங்காய்ப்பூவும் போல என்று மேடைக்கு மேடை சொல்வார்கள். சொல்லிச் சொல்லித் தேய்ந்த பேச்சு. 1990க்குப் பிறகு அதைக் கேட்டால் எனக்கு எரிச்சல்தான் வரும். பிட்டு அவிக்கும்போது மாவையும் பூவையும் அடுக்கடுக்காகத்தானே வைக்கிறோம், கலப்பதில்லையே என்று குதர்க்கமும் பேசியிருக்கிறேன். ஹரோவில் அன்று குதர்க்கம் பேச வாய் வரவில்லை. வாய் நிறையப் பிட்டு.

திங்கட்கிழமை தொட்டியடியில் இந்தக் கதையைச் சொன்னேன். வெள்ளைச் சோறும் கறுப்பு அவரை விதையும் ஒரே பானையில் ஆக்கும் அந்த ஹவானாச் சோற்றுக்குத் தங்கள் பாஷையில் என்ன பேர் தெரியுமா என்று கேட்டார் நண்பர். 'மூர்களும் கிறிஸ்தவர்களும்'. ஸ்பெயினில் நூற்றாண்டுக் கணக்கில் அடிபட்ட இரண்டு கூட்டத்தின் பெயர், ஒரு பானைச் சோற்றுக்கு. போர்த்துக்கேயர் எங்கள் கரைக்கு வந்தபோது முஸ்லிம்களுக்கு வைத்த பெயரும் மூர்தான், இன்றும் அரசாங்கக் குடிசன மதிப்பில் அப்படித்தான் இருக்கிறது என்றேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, கறுப்பு அவரையும் அவ்வளவு மோசமில்லை என்றார்.

நான் இப்போது கல்லடிக்குத் திரும்பிவிட்டேன். எங்கள் வீடு அக்காவுக்குச் சீதனமாகப் போனது, அக்கா அதை மகளுக்கு எழுதினா, மருமகள் கனடாவில். வீட்டை வாடகைக்கு விட்டிருக்கிறோம். அம்மி அதே குசினி மூலையில்தான் கிடக்கிறது. வாடகைக்கு இருப்பவர்கள் யாழ்ப்பாணத்துக் குடும்பம். வெள்ளிக்கிழமைகளில் எனக்கும் ஒரு கிண்ணம் கறி வரும். நல்ல உறைப்பு.