சுவரும் கண்ணாடியும்

கேரளத்தில் விஷு நாளன்று விடியற்காலையில் வீட்டின் மூத்தவர் இளையோரின் கண்களைப் பொத்தி அழைத்து வந்து கணியின் முன் நிறுத்துவார். கண் திறந்ததும் குத்துவிளக்கின் ஒளியில் கொன்றை மலரும் கனிகளும் கண்ணனின் திருவுருவமும் தெரியும். அவற்றோடு ஒரு வால்கண்ணாடியும் வைக்கப்பட்டிருக்கும். இறைவனைக் காண வந்தவர் அதில் தம் முகத்தையும் காண்கிறார். மங்கலப் பொருள்களுள் கண்ணாடிக்கு இடம் அளித்த முன்னோர், ஆழ்ந்ததொரு தத்துவத்தையே அங்கு வைத்துச் சென்றனர்.

பம்பை நதிக்கரையிலுள்ள ஆறன்முளையில் செய்யப்படும் கண்ணாடி இவ்வகையில் புகழ் பெற்றது. அது கண்ணாடிச் சில்லால் ஆனதன்று. செம்பும் வெள்ளீயமும் கலந்த உலோகத்தால் ஆனது. களிமண் அச்சில் வார்த்தெடுக்கப்படும் தகடு முதலில் மங்கலாகவே இருக்கும். அதில் முகம் தெரியாது. கைவினைஞர் அதனைப் பல நாள்கள் பொறுமையுடன் தேய்த்து மெருகேற்றுகிறார். பிறகே அது கண்ணாடி ஆகிறது. அவர் தகட்டினுள் ஒளியை ஊட்டவில்லை, முகத்தையும் வரையவில்லை. மேடுபள்ளங்களை நீக்கினார், அவ்வளவே.

ஒளியின் இயல்பை நோக்கினால் இது தெளிவாகும். ஒளி எந்தக் கோணத்தில் ஒரு பரப்பின்மீது விழுகிறதோ, அதே கோணத்தில் திரும்புகிறது. இந்த விதி கண்ணாடிக்கு மட்டும் உரியதன்று. சுவரின் ஒவ்வொரு நுண்ணிய புள்ளியிலும் இதுவே நிகழ்கிறது. வெள்ளையடித்த சுவரும் தன்மேல் விழும் ஒளியின் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்புகிறது. ஆயினும் சுவரில் முகம் தெரிவதில்லை. ஏன்? சுவரின் ஒவ்வொரு துகளும் ஒவ்வொரு திசையை நோக்கியுள்ளது. ஒளி திரும்புகிறது; ஆனால் சிதறித் திரும்புகிறது. கண்ணுக்குப் புலனாகும் ஒளியின் அலைநீளம் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கினும் குறைவு. பரப்பின் மேடுபள்ளங்கள் அதனினும் மிகச் சிறியனவாகும்போதுதான் உருவம் தெளிவாகத் தெரியும்.

ஆண்டுக்கணக்கில் ஜபம் செய்தும், ஆலயம் தொழுதும், இறைவனின் அருள் தம்மீது விழவில்லையே என்று வருந்தும் அன்பர்கள் பலர். அவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டியது இதுவே: சுவரின்மீதும் ஒளி விழுந்துகொண்டுதான் இருக்கிறது. ஆத்ம சைதன்யம் ஒருவரின் அந்தக்கரணத்தில் மிகுந்தும் மற்றொருவரிடம் குறைந்தும் பொழிவதில்லை. பணம் ஒரு திசையிலும், புகழ் ஒரு திசையிலும், பழைய பகை மற்றொரு திசையிலும் மனத்தை இழுக்கின்றன. பெற்ற ஒளி சிதறுகிறது. ஆகவே சாதனை என்பது இல்லாத ஒன்றைத் தேடிக் கொணர்வதன்று, சிதறலை நீக்குவது. தேய்க்கும் முதல் நாள்களில் கைவினைஞரும் தகட்டில் தம் முகத்தைக் காண்பதில்லை. அதனால் அந்நாள்களின் உழைப்பு வீணாகிவிடுமா?

மற்றோர் ஆபத்தும் உண்டு. நாம் வீடுகளில் பயன்படுத்தும் கண்ணாடியில் ஒளியைத் திருப்பும் பூச்சு பின்புறத்தில் உள்ளது. ஓர் எழுதுகோலின் முனையை அதில் வைத்தால், முனைக்கும் அதன் பிம்பத்திற்கும் நடுவே இடைவெளி தெரியும். ஆறன்முளைக் கண்ணாடியிலோ முன்பரப்பே ஒளியைத் திருப்புவதால் இரண்டும் ஒன்றையொன்று தொட்டு நிற்கும். இடைவெளியை உண்டாக்குவது அழுக்கன்று, தெளிந்த கண்ணாடிச் சில்லே! ‘நான் பக்தன், நான் தூயவன்’ என்னும் எண்ணமும் இத்தகையதே. அது ஒளி ஊடுருவும் அளவுக்குத் தெளிவானது. எனினும் பிரித்து வைக்கிறது.

கண்ணாடியில் தெரியும் முகம், நாம் முன்னே எவ்வளவு தொலைவில் நிற்கிறோமோ அவ்வளவு தொலைவு பின்னே இருப்பதுபோல் தோன்றும். பின்புறம் சென்று தேடினால் அங்கு ஒன்றும் இல்லை. இத்தோற்றத்தை அத்வைத ஆசாரியர்கள் நுணுகி ஆராய்ந்தனர். பிரதிபிம்பம் பிம்பத்திற்கு வேறானதன்று, அது கண்ணாடியினுள் இருப்பதாகக் கருதுவதே பிழை என்பது விவரண மரபினரின் கொள்கை. பிரதிபிம்பமே வெறும் தோற்றம் என்பர் சுரேசுவரரின் வழிவந்தோர். விளக்கம் வேறாயினும், உண்மையான முகம் கண்ணாடிக்குள் இல்லை என்பதில் இருவரும் உடன்படுகின்றனர். தியானத்தில் ஒருநாள் அமைதி தோன்றினால், அதனைத் தன் மனத்தின் சாதனையாகக் கொள்வது கண்ணாடி முகத்திற்கு உரிமை கொண்டாடுவது போன்றதாகும்.

1927-ஆம் ஆண்டு ஸ்ரீநாராயண குரு கேரளத்தின் களவங்கோடத்தில் உள்ள கோயிலில் ஒரு கண்ணாடியைப் பிரதிஷ்டை செய்தார். சாதியின் பெயரால் சந்நிதிகள் மூடப்பட்டிருந்த காலம் அது. அந்தச் சந்நிதியின் முன் யார் நின்றாலும் அவர் முகம் அதில் தோன்றும். கண்ணாடி எவரையும் விலக்குவதில்லை. தன்னை அங்குக் கண்டவர், அருகில் நிற்பவரையும் அங்கேயே காண்கிறார்.

மெருகேற்றிய உலோகமும் கவனியாது விட்டால் மங்கும். நாள்தோறும் சிறிது நேரமேனும் மனத்தைத் துடைத்து வருவது நம் கடமை. ஒளியைப் பற்றிக் கவலை வேண்டா. அது என்றும் பொழிந்துகொண்டே இருக்கிறது.