மாண்டவர்க்கு மதிப்பெண்

"நன்றாக நடித்தார், வாழத்தான் தெரியவில்லை."

கலைஞர் ஒருவர் கண்மூடினால், தேநீர்க் கடையிலே, திண்ணையிலே, பேருந்து நிற்குமிடத்திலே, கைப்பேசித் திரையிலே எழுகின்ற தீர்ப்பு இது. மாலை வாடுமுன், மயானத்துப் புகை அடங்குமுன், தீர்ப்பு எழுதியாகிவிடுகிறது! குற்றம் சாட்டுவோர் நாம், சாட்சி நாம், நீதிபதியும் நாமே. கூண்டிலே நிற்பவரோ, வாய் திறக்கவியலாத பிணம்.

மதிப்பெண் போடுவது நமக்குத் தொழில். குடிகாட்டிலே, உப்பனாற்றின் பக்கத்திலே, சிப்காட் ஆலைகளின் புகைபோக்கிகளைப் பார்த்தபடி, நாள்தோறும் நாற்பது ஏடுகளிலே சிவப்பு மையால் எண் இடுகிறோம். அதற்கென்று ஒரு முறை உண்டு. மாணவன் எழுதியதற்குத்தான் மதிப்பெண். அவன் வீட்டிலே விளக்கு எரிந்ததா அணைந்ததா என்பதற்கு அல்ல. விடையின் குறுக்கே கோடு கிழிக்கலாம்; எழுதியவன் நெற்றியிலே கிழிக்கலாமோ? எட்டாம் வகுப்புச் சிறுவனுக்குக் காட்டுகின்ற இந்த எளிய நேர்மையை, இறந்துபட்ட கலைஞருக்கு ஏன் காட்ட மறுக்கிறோம்?

நெடுங்காலம் அவர்களை மனிதராகவே நாம் மதித்ததில்லை. கூத்தாடி என்றோம். அவன் ஆட்டத்தை விடிய விடியக் கண்டோம். விடிந்ததும் அவனுக்குப் பெண் கொடுக்க மறுத்தோம், வாடகைக்கு வீடு தர மறுத்தோம். நாம் மட்டுமல்ல, நாகரிகத்தின் நடுக்கூடம் எனப் பேசப்படும் பிரெஞ்சு நாட்டிலே என்ன நடந்தது? நாடக மேதை மோலியேர், 1673-இல், மேடையில் நடித்துக்கொண்டிருந்தபோதே நோய் முற்றி, அன்றிரவே மாண்டார். நடிகனுக்குப் புனித மண்ணிலே இடமில்லை என்றனர் பாதிரிமார். மன்னன் பதினான்காம் லூயி தலையிட்ட பிறகே, இரவு நேரத்திலே, அடக்கமாக அடக்கம் செய்ய இசைந்தனர். உயிரோடிருந்தபோது அவர் நாடகம் கண்டு சிரித்தவர்களிலே, அன்று பிணத்தைப் பார்த்து முகம் சுளித்தவர்களும் இருந்திருப்பர், ஐயமென்ன?

பிறகு காலம் புரண்டது. கூத்தாடி என்ற அதே நாக்கு தெய்வம் என்றது. வானளாவிய அட்டை உருவங்களுக்குப் பாலை ஊற்றினோம், பால் கிடைக்காத பிள்ளைகள் பக்கத்திலே நின்று பார்க்க! இழித்தலும் தொழுதலும் எதிரெதிர் என்று எண்ணற்க, தோழரே. இரண்டிலுமே மனிதனுக்கு இடமில்லை. தெய்வம் நோயுற்றால் பக்தனுக்கு இரக்கம் வருவதில்லை, சினம் வருகிறது. தான் ஏமாற்றப்பட்டதாக எண்ணுகிறான். அந்தச் சினத்தின் மறுபெயர்தான், "வாழத் தெரியவில்லை."

இந்தத் தீர்ப்பு எவ்வளவு பொய்யானது என்பதற்குத் தமிழகம் கண்ட சான்று ஒன்று உண்டு. 1944 நவம்பரிலே சென்னையில் லட்சுமிகாந்தன் என்னும் இதழாளர் கத்திக்குத்துக்கு இரையானார். திரைப்படத் துறையினரின் அந்தரங்கத்தை அம்பலத்தில் வைத்து விற்பனை செய்த ஏடு அவருடையது. "இந்து நேசன்" என்பது பெயர்! விற்றவர் அவர், வாங்கியவர் யார்? வாங்கியோர் பற்றி அந்த வழக்கிலே எவரும் கேட்கவில்லை. எம். கே. தியாகராஜ பாகவதரும் என். எஸ். கிருஷ்ணனும் கைது செய்யப்பட்டனர். அந்தத் தீபாவளிக்குத்தான் "ஹரிதாஸ்" வெளிவந்திருந்தது. மூன்று தீபாவளி கண்ட படம். 1945-இல் இருவருக்கும் ஆயுள் தண்டனை. லண்டன் பிரிவி கவுன்சில் வரையில் வழக்கு சென்று, 1947 ஏப்ரலில் குற்றமற்றவர் என விடுதலையாயினர். ஏறத்தாழ இரண்டரை ஆண்டுகளை வழக்கும் சிறையும் விழுங்கிவிட்டன.

ஒரே வழக்கு, ஒரே சிறை, ஒரே விடுதலை. கலைவாணர் திரும்பி வந்து மீண்டும் மக்கள் மன்றத்திலே சிரிப்பொலி எழுப்பினார். பாகவதரின் "ராஜமுக்தி" 1948-லும், "அமரகவி" 1952-லும் வந்தன; பழைய வரவேற்பு இல்லை. 1959 நவம்பர் முதல் நாள், நாற்பத்தொன்பதாம் வயதிலே மறைந்தார். தங்கத் தட்டிலே உண்டவர், தலைக்கனத்தால் வீழ்ந்தார் என்று கதை கட்டினர். கேட்பதற்குச் சுவையான கதைதான்! நடந்தது என்ன? அவர் சிறையிலிருந்த காலத்திலும் அதையடுத்த ஆண்டுகளிலும் திரைப்படத்தின் உயிர்நாடியே இடம் மாறியது. பாட்டே படமாக இருந்த நாள் போயிற்று. பேச்சே படமாகும் நாள் வந்தது. 1949-இல் அண்ணாவின் "வேலைக்காரி", 1952-இல் கலைஞரின் "பராசக்தி." நடிகன் பாடத் தேவையில்லை; திரைக்குப் பின்னே வேறொருவர் பாடுவார். "பராசக்தி"யிலே சிவாஜி கணேசனுக்காகப் பாடியவர் யார்? நம் சிதம்பரத்தில் பிறந்த இசைச் சித்தர் சி. எஸ். ஜெயராமன்!

எட்டுக்கட்டையிலே பாடி ஏறிய ஒருவர், பாட்டு இறங்கியதும் இறங்கினார். இதிலே ஒழுக்கக் கேடு எங்கே இருக்கிறது? விசைத்தறி வந்து கைத்தறி நின்றால், நெசவாளியின் தலைக்கனமா அதற்குக் காரணம்? நெசவாளிக்காக வாதாடுகின்ற நாம், நடிகனுக்கு மட்டும் விதியென்றும் வினையென்றும் பேசுகிறோம். வினைப்பயனை ஊரெங்கும் மறுத்துவிட்டு, திரையரங்க வாயிலிலே மட்டும் திருட்டுத்தனமாக உள்ளே விடுகிறோம்!

கலைவாணருக்கு வேறு வகைத் தீர்ப்பு. "கொடுத்துக் கெட்டார்" என்றனர். 1957 ஆகஸ்டு 30-ஆம் நாள், அவரும் நாற்பத்தொன்பதாம் வயதை எட்டும் முன்னரே மறைந்தார். கேட்டவர்க்கெல்லாம் கொடுத்தார் என்பது நாடறிந்தது. பாராட்டு போலத் தோன்றும் அந்தச் சொற்றொடரை உற்று நோக்குங்கள். அவர் கொடுத்தார், சரி. கேட்டவர் ஏன் கேட்க வேண்டியிருந்தது? உடன் நடித்தவனுக்கு நோய் வந்தால், விளக்குத் தூக்கியவன் விழுந்தால், பின்னணியில் ஆடியவள் பிள்ளை பெற்றால், உதவ ஓர் ஏற்பாடும் இல்லாத தொழில் அது. தென்னிந்திய நடிகர் சங்கம் தோன்றியதே 1952-இல்தான். ஒரு தொழில் முழுவதும் சுமக்க வேண்டியதை ஒரு மனிதனின் சட்டைப்பை சுமந்தது. பை கிழிந்ததும், தைக்கத் தெரியவில்லை என்கிறோம்.

அவர் செய்த வேலைக்கு மதிப்பெண் போடுவோமானால்? தில்லைக்குப் போக ஏங்கிய நந்தனைத் தீயிலே இறக்கிய கதையை, தலைமுறை தலைமுறையாக இப்பகுதியார் கேட்டு வளர்ந்தோம். "நல்லதம்பி"யிலே, 1949-இல், கலைவாணர் "கிந்தனார்" காலட்சேபம் நிகழ்த்தினார். நந்தன் கோவிலுக்கு ஏங்கினான். கிந்தன் பள்ளிக்கூடத்துக்கு ஏங்குகிறான். தீக்குளிக்கவில்லை, இரயில் ஏறிப் படித்து, கல்வி அதிகாரியாகத் திரும்புகிறான்! ஏடு திருத்தும் நமக்கு, இந்த ஒரு காட்சிக்கு நூற்றுக்கு நூறு போடவும் கை கூசுகிறது, நூறு போதாது.

பெண்களிடம் வரும்போது நம் சிவப்பு மை இன்னும் கொடிதாகிறது. சந்திரபாபு "தட்டுங்கள் திறக்கப்படும்" படத்தை 1966-இல் தாமே இயக்கிக் கைப்பொருள் இழந்தார், 1974-இல் மறைந்தார். சாவித்திரி "பிராப்தம்" எடுத்து 1971-இல் இழந்தார். நினைவிழந்த நிலையில் பல திங்கள் கிடந்து, 1981 டிசம்பரில் மறைந்தார். இருவரும் துணிந்து தொழிலிலே இறங்கினர். இருவரையும் மது தீண்டியது என்பர். சந்திரபாபுவைப் பற்றிப் பேசுகையில் "மேதை, அப்படித்தான்" என்று புன்னகை. சாவித்திரியைப் பற்றிப் பேசுகையில் "பெண்பிள்ளை இப்படியா?" என்ற பெருமூச்சு. ஒரே விடைக்கு ஆணுக்கு எண்பது, பெண்ணுக்கு எட்டு! எந்தத் தேர்வுக் கூடத்திலே இந்த அநீதி நடக்கும்?

சில்க் சுமிதாவையோ, வாழ்ந்தபோது கண்ணாலே கண்டு வாயாலே வைதோம். அரங்கு நிறைந்தது அவர் பெயரால். பழி முழுவதும் அவர் தலையில். ஆட வைத்தவர், படமெடுத்தவர், சீட்டு வாங்கியவர் மூவரும் கண்ணியவான்கள்! 1996-இல் முப்பத்தைந்து வயதிலே மாண்டபின் கண்ணீர் வடித்தோம். அந்தக் கண்ணீரும் காசு பார்க்கும் கதையாயிற்று.

இன்னொருவர் டி. பி. ராஜலட்சுமி. 1931-இல் முதல் தமிழ்ப் பேசும்படம் "காளிதாஸ்", அதன் கதாநாயகி. 1936-இல் "மிஸ் கமலா"வை எழுதி இயக்கிய முதல் தமிழ்ப்பெண். 1964-இல் மறைந்தார். அவர் வாழ்விலே வீழ்ச்சிக் கதைக்கு வேண்டிய சுவை குறைவு போலும். ஆகவே பேசுவாரும் குறைவு. "காளிதாஸ்" படச்சுருளே இன்று இல்லை. விழுந்தவரை நினைக்கிறோம், விழுந்ததற்காக, நின்றவரை மறக்கிறோம்.

இங்கே ஒரு தோழர் குறுக்கிட்டுக் கேட்கக்கூடும்: "அப்படியானால் செத்தவர் எல்லாம் உத்தமரா? குற்றமே கூறலாகாதா?" நியாயமான கேள்வி. செத்தாரைத் தெய்வமாக்கும் வழக்கம் நமக்கு வேண்டாம்.

கடினமான சான்றையே எடுப்போம். நடிகவேள் எம். ஆர். ராதா. பகுத்தறிவுப் பரப்புரையிலே அவர் மேடை ஒரு பாசறை; 1954-இல் வந்த "ரத்தக்கண்ணீர்" அதன் சிகரம். (அதற்கும் இசை நம் ஜெயராமனே.) அதே ராதா, 1967 சனவரி 12-ஆம் நாள் எம். ஜி. ஆரைச் சுட்டார். நீதிமன்றம் தண்டித்தது, சிறை சென்றார், 1979-இல் மறைந்தார். நம்மவர் என்பதற்காக அந்தக் குண்டை மறைக்கலாமோ? கூடாது. அது பிறர் மேல் பாய்ந்த குண்டு; வழக்கிலே விசாரிக்கப்பட்டது; அவர் வாய்மொழியும் கேட்கப்பட்டது. அதைச் சொல்வது வரலாறு. ஆனால் குண்டைக் காட்டி "ரத்தக்கண்ணீ"ரைச் சுருட்டிவிட முடியாது; படத்தைக் காட்டிக் குண்டை அழித்துவிடவும் முடியாது. அந்தப் படத்தின் மேல் நமக்கு ஒரு மனக்குறையும் உண்டு. ஆணவக்காரனுக்குத் தொழுநோய் தண்டனையாக வருகிறது அதிலே. நோயைப் பாவத்தின் கூலியாக்கும் பழைய பாட்டை பகுத்தறிவு மேடைக்கு எதற்கு? இப்படிக் கேட்பது விமர்சனம். செத்தவர் படைப்பாயினும் கேட்கலாம், கேட்க வேண்டும்.

விஜயகாந்தை நம் மாவட்டத்து விருத்தாசலம் 2006-இல் சட்டமன்றத்துக்கு அனுப்பியது. அவர் கட்சி என்ன சாதித்தது, எவரோடு சேர்ந்தது, ஏன் தேய்ந்தது என்று ஆயிரம் கேளுங்கள். வாக்களித்தவர்க்கு உரிமை உண்டு. நடிகர் சங்கத்தின் கடனை அடைத்த தலைவர் என்பதையும் அதே தாளிலே எழுதுங்கள். ஆனால் நோயால் நா குழறியபோது அதைக் கேலிப்படமாக்கி ஊரெங்கும் அனுப்பினோமே, அது எந்த உரிமை? 2023 டிசம்பர் 28-ஆம் நாள் அவர் மறைந்ததும், அனுப்பிய அதே விரல்கள் அழுகைப் படத்தை அனுப்பின. அதே ஆண்டு செப்டம்பரில் சின்னத்திரை நடிகர் மாரிமுத்து மறைந்தார். "எதிர்நீச்சல்" தொடரிலே பெண்களை அடக்கியாளும் குடும்பத் தலைவன் வேடம் அவருக்கு. அந்த வேடத்தின் சொற்களையே அவர் சொற்களென்று எண்ணி ஏசியவர் எத்தனை பேர்! எழுதிக் கொடுத்ததைப் பேசியவருக்கு நாம் தந்த மதிப்பெண் அது.

பிறர்க்கு இழைத்த தீங்கு வேறு. தன்னைத் தானே வருத்திக்கொண்ட துன்பம் வேறு. பொதுவிலே வைத்த படைப்பு வேறு. கதவுக்குப் பின்னே சிந்திய கண்ணீர் வேறு. முன்னவை நம் வழக்கு. பின்னவற்றுக்கு நாம் கொடுத்த சீட்டுக் காசு போதாது. "இளைஞர் பாடம் பெற வேண்டாமா?" என்பர். மதுவின் தீமையைக் காட்ட நம் தெருவிலே, நம் வீட்டிலே சான்று இல்லையா? ஆலையில் இரவு வேலை முடித்து, கூலியைக் கடையிலே கொடுத்துவிட்டு வருகிறவரைப் பற்றிப் பேச அஞ்சுகிறோம். பக்கத்து வீட்டார் சண்டைக்கு வருவார். சாவித்திரி வரமாட்டார்.

1969 சனவரியிலே, நோய் தின்ற உடலோடு, சென்னையிலே கலைவாணர் சிலையைத் திறந்தார் அண்ணா. அவர் கலந்துகொண்ட கடைசிப் பொது நிகழ்ச்சி அது. பிப்ரவரி 3-ஆம் நாள் அவரும் மறைந்தார். சிலை வைக்கும் வசதி நமக்கு இல்லை. நம் வகுப்பிலே ஒரு குறிப்பேடு போட்டிருக்கிறோம். பக்கத்துக்கு ஒரு கலைஞர். என்ன நடித்தார், என்ன பாடினார், எந்த ஆண்டு, அவ்வளவே. முதற்பக்கம் ராஜலட்சுமி. இரண்டாவது ஜெயராமன், 1995 என்று மறைவாண்டு எழுதியாயிற்று. மூன்றாம் பக்கத்துக்கு ஒரு மாணவன் தன் பாட்டனார் பெயரைக் கொடுத்தான். திரௌபதி அம்மன் திருவிழாக்களிலே தெருக்கூத்தில் கட்டியக்காரனாக வேடமிட்டவராம். படம் இல்லை, பாடிய பாட்டு எதிலும் பதிவாகவில்லை. எந்தெந்த ஊரில் ஆடினார் என்று கேட்டோம். பாட்டியைக் கேட்டு வந்து நாளைக்குச் சொல்கிறேன் என்றிருக்கிறான். பக்கத்தை விட்டு வைத்திருக்கிறோம்.