மரியாதை எனும் கரை

தமிழர் நாள்தோறும் வழங்கும் ‘மரியாதை’ என்ற சொல், ‘மர்யாதா’ என்ற வடசொல்லின் வழிவந்தது. எல்லை, கரை என்பன அதன் பொருள்கள். அறத்தின் எல்லையில் நின்று வாழ்ந்தமையால் ஸ்ரீராமரை ‘மர்யாதா புருஷோத்தமர்’ என்று பாரதம் போற்றுகிறது. எல்லை காக்கப்படும் இடத்திலேயே மதிப்பும் நிலைக்கும் என்ற உண்மை அந்த ஒரு சொல்லில் அடங்கியுள்ளது.

இளைஞர்களுக்கு இவ்வுண்மை இரண்டு இடங்களில் சோதனையாக வருகிறது. ஒன்று, வேலைக்கான நேர்முகத் தேர்வு, மற்றொன்று, காதல். வேலை கைநழுவுமோ, அன்பு விலகிவிடுமோ என்ற அச்சம் இரண்டிலும் நாவைக் கட்டிவிடுகிறது.

நேர்முகத் தேர்வில் ஒரு பெண்ணிடம், “திருமணம் எப்போது? குழந்தை பெறும் எண்ணம் உண்டா?” என்று கேட்பதுண்டு. பணிக்குரிய தகுதியை ஆராய்வது நிறுவனத்தின் கடமை. அவளது இல்வாழ்வை ஆராய்வது அக்கடமையில் சேராது. அதற்காக அவள் சினங்கொள்ளவும் வேண்டாம், பொய்யுரைக்கவும் வேண்டாம். “இப்பணியின் பொறுப்புகளை என்னால் நிறைவேற்ற இயலும். அதுபற்றி எதைக் கேட்டாலும் சொல்கிறேன், சொந்த வாழ்வைப் பற்றி இங்கே பேச விரும்பவில்லை” என்று பணிவுடன் கூறலாம். வாய்மை என்பது பொய் பேசாமை. கேட்டவர்க்கெல்லாம் உள்ளத்தைத் திறந்து காட்டுவதன்று. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தபோது, மனிதரின் கண்ணியத்தோடு அதை இணைத்தே பேசினர்.

காதலுக்கு மகாபாரதத்துச் சகுந்தலை சான்றாக நிற்கிறாள். துஷ்யந்தன் மணம் வேண்டியபோது, தனக்குப் பிறக்கும் மகனே இளவரசனாக வேண்டும் என்ற நிபந்தனையை அவள் முன்கூட்டியே கூறினாள். பின்னாளில் அவன் சபையில் அவளை அறியேன் என்றபோதும் அவள் அழுது இரக்கவில்லை; சத்தியத்தின் பெருமையை எடுத்துரைத்து நிமிர்ந்து நின்றாள். அன்பு அவளது விவேகத்தை மறைக்கவில்லை.

“என்மீது அன்பிருந்தால் உன் செல்பேசியின் கடவுச்சொல்லைக் கொடு, தோழர்களை விட்டுவிடு” என்று கேட்பவர் அன்பைக் கேட்கவில்லை, ஆதிக்கத்தைக் கேட்கிறார். அச்சத்தால் சொல்லும் ‘சரி’யில் வாய்மையும் இல்லை, அன்பும் இல்லை.

அகங்காரமும் எல்லையின் வேடத்தில் வரக்கூடும். இரண்டையும் பிரித்தறிய ஒரு வழி உண்டு. தன் ‘வேண்டாம்’ மதிக்கப்பட வேண்டும் என்பவன், பிறர் சொல்லும் ‘வேண்டாம்’ என்பதையும் மனக்கசப்பின்றி ஏற்கிறானா? ஏற்றால் அது அறம். மறுத்தால் அது வெறும் பிடிவாதம்.

எல்லை காப்பவர் சில வேளைகளில் வேலையை இழக்கலாம், உறவையும் இழக்கலாம். அது மெய்யான துயரமே. ஆயினும் நசிகேதனுக்கு எமன் செல்வமும் நீண்ட ஆயுளும் தர முன்வந்தபோது, இனியதை விடுத்து நல்லதையே அச்சிறுவன் தேர்ந்தான். தன்னை இழந்து பெறும் எதுவும் பேறாகாது என்று தெளிந்தவர்க்கு, ‘வேண்டாம்’ என்ற சொல்லும் ஒரு சாதனையே.