தகுதி கேளாத கிருபை

வாழ்நாள் முழுவதும் நேர்மையாக நடந்தவனுக்கும், ஊரை ஏய்த்துவிட்டுக் கடைசியில் மனந்திரும்பியவனுக்கும் கடவுள் ஒரே இரட்சிப்பைத் தருவார் என்றால், நேர்மையாக நடப்பதற்கு என்ன அவசியம்? நியாயப்பிரமாணத்தைக் கைக்கொண்டு எவரும் நீதிமான் ஆவதில்லை, விசுவாசத்தினால் கிருபையைப் பெற்றே ஆக முடியும் என்று அப்போஸ்தலர் பவுல் எழுதிய நாளிலிருந்து இந்தக் கேள்வி அந்தப் போதனையைத் தொடர்ந்து வருகிறது. வினைக்கேற்ற பலன் என்ற எண்ணத்தில் வளர்ந்த தமிழ் மனதுக்கு இது இன்னும் கூர்மையாகவே உறைக்கும். இதை விதண்டாவாதம் என்று தள்ளிவிட முடியாது. இலவசமாகக் கிடைக்கும் மன்னிப்பு மனிதனைப் பொறுப்பற்றவன் ஆக்குமானால், அது எவ்வளவு பெரிய சமயப் போதனையாக இருந்தாலும் அறத்துக்குப் பகையே. ஆகவே கிருபையை அதன் ஆறுதலைக் கொண்டு மட்டும் எடைபோடக் கூடாது. அது எப்படிப்பட்ட மனிதர்களை உருவாக்குகிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

முதலில் இந்தப் போதனை எங்கே பிறந்தது என்று பார்ப்பது நல்லது. கி.பி. 50ஐ ஒட்டிய ஆண்டுகளில் கலாத்தியருக்கு எழுதிய நிருபத்தில், அந்தியோகியாவில் நடந்த ஒரு மோதலைப் பவுல் விவரிக்கிறார். யூதரல்லாத விசுவாசிகளோடு ஒரே பந்தியில் சாப்பிட்டுக்கொண்டிருந்த இயேசுவின் சீடர் பேதுரு, எருசலேம் சபைத் தலைவர் யாக்கோபினிடமிருந்து சிலர் வந்ததும் பயந்து விலகிக்கொண்டார். பவுலின் உடன் ஊழியர் பர்னபாவும் அவரோடு சேர்ந்து விலகினார். பவுல் எல்லோர் முன்னிலையிலும் பேதுருவைக் கண்டித்தார். விசுவாசத்தினால் நீதிமானாக்கப்படுதல் என்ற வாதம் அந்தக் கண்டனத்தைத் தொடர்ந்துதான் வருகிறது. சாவுக்குப் பின் என்ன ஆகும் என்ற கவலையோடு கூடவே, யார் யாரோடு உட்கார்ந்து சாப்பிடலாம் என்ற கேள்வியும் இந்தப் போதனையின் கருவிலேயே இருந்தது. விருத்தசேதனமும் உணவு விதிகளும் கடவுளிடம் சேருவதற்கான நிபந்தனை என்றால், அவற்றை உடையவன் மேல், இல்லாதவன் கீழ். கிருபை அந்த ஏணியை எடுத்துவிடுகிறது.

இதைச் சொல்லும்போது யூத சமயத்தை இழிவுபடுத்தும் பழைய தவறில் விழக் கூடாது. யூதர்கள் புண்ணியத்தைக் கணக்குப் போட்டுக் கடவுளின் தயவை விலைக்கு வாங்க முயன்றவர்கள் என்ற சித்திரம் கிறிஸ்தவப் பிரசங்கங்களில் நெடுங்காலம் நிலவியது. விவிலிய அறிஞர் இ. பி. சாண்டர்ஸ் 1977இல் வெளியிட்ட ஆய்வு அந்தச் சித்திரத்தை ஆட்டம் காணச் செய்தது. யாத்திராகமத்தின் வரிசையே இதற்குச் சான்று: எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து விடுதலை முதலில் வருகிறது, சீனாய் மலையில் பத்துக் கட்டளைகள் பிறகு வருகின்றன. விடுவிக்கப்பட்ட மக்கள் எப்படி வாழ வேண்டும் என்று சொல்ல வந்தது பிரமாணம். எந்தச் சமயத்திலும், கிறிஸ்தவத்திலும்கூட, அது அடுத்தவனை அளக்கும் கோலாக மாறும்போதே சீரழிவு தொடங்குகிறது. பாவமன்னிப்புச் சீட்டுகளைக் காசுக்கு விற்ற ஐரோப்பியத் திருச்சபையை மார்ட்டின் லூதர் 1517இல் எதிர்த்தபோது, தகுதியைச் சேர்த்து வைக்கலாம் என்ற எண்ணம் பவுலைப் போற்றியவர்களிடையேயே வேரோடியிருந்தது.

இனி அந்த ஆட்சேபத்துக்கு வருவோம். மன்னிப்பு நிச்சயம் என்று தெரிந்தவன் துணிந்து பாவம் செய்ய மாட்டானா? ரோமருக்கு எழுதிய நிருபத்தின் ஆறாம் அதிகாரத்தில் பவுலே இதை எழுப்பி, வன்மையாக மறுக்கிறார். விதைப்புக்கும் அறுப்புக்கும் உள்ள உறவைக் கலாத்தியருக்கு அவர் நினைவூட்டவும் செய்கிறார். செயலுக்கு விளைவு உண்டு என்பதை அவர் மறுக்கவே இல்லை. லூக்கா சுவிசேஷத்தில் வரும் சகேயுவைக் கவனித்தால் இந்தப் போதனையின் இயக்கம் புரியும். அவன் வரி வசூலித்துச் செல்வம் சேர்த்தவன். திருந்திய பிறகு வீட்டுக்கு வருகிறேன் என்று இயேசு சொல்லவில்லை. முதலில் வீட்டுக்கு வருகிறார். அதன் பிறகே சகேயு தன் சொத்தில் பாதியை ஏழைகளுக்குக் கொடுக்கவும், ஏய்த்து வாங்கியதை நாலத்தனையாகத் திருப்பித் தரவும் முன்வருகிறான். தண்டனைக்கு அஞ்சித் திருந்துகிறவன் எவ்வளவு கொடுத்தால் தப்பலாம் என்று கணக்குப் பார்ப்பான். ஏற்றுக்கொள்ளப்பட்டவனுக்கு அந்தக் கணக்கு தேவைப்படவில்லை.

ஆனால் எல்லோரும் சகேயு ஆவதில்லை என்று எதிர்த்தரப்பு சொல்லும். அதற்கு ஜான் நியூட்டனைக் காட்டலாம். இந்த ஆங்கிலேயர் 1748இல் கடற்புயலில் சிக்கி மனந்திரும்பியவர். ஆனாலும் 1750 முதல் 1754 வரை அடிமைக் கப்பல்களுக்குத் தலைவராக இருந்தார். கிருபையைப் போற்றும் உலகப் புகழ்பெற்ற ‘அமேசிங் கிரேஸ்’ பாடலை 1779இல் வெளியிட்டவரும் அவரே. அடிமை வணிகத்தைக் கண்டித்து, அதில் தன் பங்கையும் ஒப்புக்கொண்டு அவர் நூல் வெளியிட்டது 1788இல்தான். நாற்பது ஆண்டுத் தாமதத்தை மழுப்பக் கூடாது. அதன் விலையைக் கொடுத்தவர்கள் அவர் கப்பலில் சங்கிலியில் கிடந்த ஆப்பிரிக்கர்கள். தன் ஆன்மா மீட்கப்பட்டது என்ற மகிழ்ச்சி, தன்னால் நசுக்கப்பட்டவரைக் காணவிடாமல் கண்ணை மறைக்கக்கூடும் என்பதற்கு இது சாட்சி. அதே வேளையில், தன் பெயரையும் மதிப்பையும் பொருட்படுத்தாமல் நாடறியக் குற்றத்தை ஒப்புக்கொண்ட அவரது துணிவையும் எண்ணிப் பார்க்க வேண்டும். தன் நற்பெயரையே நம்பி நிற்பவனால் அதை இழக்க முடியாது. தன் மதிப்பு தன் நடத்தையில் இல்லை என்று நம்புகிறவனால் உண்மையைச் சொல்ல முடியும்.

பாதிக்கப்பட்டவர் சார்பில் எழும் கேள்வி இதைவிடக் கடினமானது. கொலைகாரனைக் கடவுள் மன்னித்துவிட்டால் செத்தவனுக்கு என்ன நீதி? கடவுளின் மன்னிப்பு மனிதருக்கு மனிதர் செய்ய வேண்டிய ஈட்டை ரத்துசெய்வதில்லை என்பதே நேர்மையான பதில். குற்றவாளிக்கு நீதிமன்றமும் உண்டு, திருப்பிக் கொடுக்கும் கடனும் உண்டு. ஈடு செய்ய மனமில்லாமல் கிருபையை மட்டும் கோருவதையே ஜெர்மன் இறையியலாளர் டீட்ரிஷ் போன்ஹோஃபர், நாஜி ஆட்சியில் திருச்சபை தடுமாறிய காலத்தில், 1937இல் வெளியான நூலில் மலிவான கிருபை என்று சாடினார். அந்த ஆட்சி 1945இல் அவரைத் தூக்கிலிட்டது. கிரியை இல்லாத விசுவாசம் செத்தது என்ற யாக்கோபு நிருபத்தின் எச்சரிக்கையும் இதே நோய்க்கான மருந்துதான்.

அப்படியானால் விசுவாசம் என்பதே புதிய தகுதி ஆகிவிடாதா? ஆகக்கூடும்; அடிக்கடி ஆகியும் இருக்கிறது. விசுவாசம் என்பது ஏந்திய வெறுங்கை. வெறுங்கையைக் காட்டிப் பெருமை பேச இடமில்லை. அந்தப் பெருமை வந்துவிட்டால் கிருபை என்ற சொல் மட்டும் மிஞ்சும். 1706இல் தரங்கம்பாடியில் தொடங்கிய லூத்தரன் பணி தமிழருக்குக் கிருபையைப் போதித்தது. ஆனால் சபைகளில் சாதிவாரியாகத் தனித்தனியே உட்காரும் வழக்கம் ஒரு நூற்றாண்டுக்கு மேல் நீடித்தது. சபைகளில் சாதி வேறுபாட்டை ஒழிக்க வேண்டும் என்று கல்கத்தாப் பேராயர் டேனியல் வில்சன் 1833இல் ஆணையிட்டபோது தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் வெள்ளாளக் கிறிஸ்தவர்கள் பலர் எதிர்த்தார்கள். சாதிக்கொரு கல்லறைத் தோட்டம் இன்றும் தமிழகத்தில் உண்டு. அந்தியோகியாவில் பேதுரு செய்த பிழையும் இதுவே. கிருபையால் இரட்சிக்கப்பட்டேன் என்று சொல்லிக்கொண்டே பிறப்பின் தகுதியைக் கேட்பவன், தான் நம்புவதாகச் சொல்வதைத் தன் நடத்தையால் மறுதலிக்கிறான்.

நீதிமானாக்கப்படுதல் குறித்து லூத்தரன் உலகக் கூட்டமைப்பும் கத்தோலிக்கத் திருச்சபையும் 1999இல் ஆக்ஸ்பர்க்கில் ஒரு கூட்டறிக்கையில் கையெழுத்திட்டன. கிருபையே முதல், நற்செயல் அதன் கனி என்ற அளவில் நூற்றாண்டுகளின் சண்டை தணிந்தது. அந்தக் கனி எங்கே தெரிய வேண்டும் என்பதிலும் ஐயம் கூடாது. தகுதி பாராமல் ஏற்கப்பட்டவன், தன் பந்தியில் உட்கார வருகிறவனிடம் தகுதி கேட்கும் உரிமையை இழந்துவிட்டான். அந்த உரிமையை விட்டுக்கொடுப்பது எந்தச் சட்டத்துக்குக் கீழ்ப்படிவதையும்விடக் கடினமான ஒழுக்கம். கிருபை அறத்தைத் தளர்த்துகிறது என்று அஞ்சுகிறவர்கள், அது கேட்கும் இந்த விலையைக் கணக்கில் எடுக்கவில்லை. அதைக் கொடுக்க மறுக்கும் விசுவாசிகளும் கணக்கில் எடுக்கவில்லை.