பொறுமையை யாரிடம் கேட்பது?

பதியிலும் தாங்கலிலும் பணிவிடை செய்கிற நமக்கு முற்றம் பெருக்கத் தெரியும், பால் வைக்கத் தெரியும், வந்தவர்களுக்கு அன்னம் பரிமாறத் தெரியும். ஆனால் ஒரு தாய் தன் மகளைக் கூட்டிவந்து, "என் பிள்ளையை ஒருத்தன் கெடுத்துவிட்டான்" என்று அழுதால் என்ன செய்வது? "பொறுமையாக இரு அம்மா, அய்யா பார்த்துக்கொள்வார்" என்ற சொல்தான் நம் வாயில் முதலில் வருகிறது. அந்தச் சொல் தர்மம்தானா என்று நாம் யோசிக்க வேண்டும்.

பொறுமை அய்யா நமக்குக் காட்டித் தந்த வழி. ராஜாவின் ஆட்கள் பிடித்துக்கொண்டு போய்ச் சிங்காரத்தோப்பில் சிறை வைத்தபோதும் அவர் பொறுத்தார். ஆனால் அது தமக்கு வந்த துன்பத்தைத் தாமே பொறுத்த பொறுமை. தாழ்ந்து கிடந்த சனங்களைப் பார்த்து, "நீங்களும் இப்படியே கிடங்கள்" என்று அவர் சொல்லவில்லை. தலைப்பாகை கட்டி நிமிர்ந்து நிற்கச் சொன்னார். எல்லாரும் ஒன்றாகப் புழங்க முத்திரிக் கிணறு தந்தார். ஆகவே பொறுமை ஒருவர் தமக்காக எடுத்துக்கொள்வது. அடுத்தவர் பட்ட அடிக்கு நாம் பொறுமை விதிக்க முடியாது. மன்னிப்பும் அப்படித்தான். கொடுப்பதும் கொடுக்காததும் அடிபட்டவளின் உரிமை.

வெட்கத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. நம் பாட்டிமார் தோள்சீலை போடக்கூடாது என்று திருவிதாங்கூரில் தடுத்தார்கள். 1859 ஜூலை 26-ல்தான் நாடார் பெண்கள் மேல் உடம்பை மறைக்கலாம் என்று ராஜ விளம்பரம் வந்தது. சீலையைக் கிழித்தவன் வெட்கப்படவில்லை, பெண்தான் தலைகுனிந்து நடந்தாள். அந்த அநியாயத்தை அறிந்த நாம், இன்று கொடுமைக்கு ஆளானவளைக் "கெட்டுப்போனவள்" என்று சொல்லலாமா? பள்ளியறைக் கண்ணாடி முன்னால் அவள் நின்றாலும் அதே அய்யாதான் தெரிகிறார். வெட்கம் செய்தவனுடையது.

"ஊர் அறிந்தால் பிள்ளையின் வாழ்வு என்ன ஆகும்?" என்று சிலர் கேட்கலாம். பெயரைக் காப்பது வேறு, குற்றத்தை மூடுவது வேறு. அவள் பெயரை வெளியிடுவது சட்டப்படி 2 ஆண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம். எனவே பணிவிடைக்காரர் தம் வீட்டில்கூட அதைப் பேசக்கூடாது. ஆனால் 18 வயது நிரம்பாத பிள்ளை என்றால், 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி அறிந்தவர் போலீசுக்குச் சொல்லியே ஆக வேண்டும். தாங்கலில் வைத்துச் சமரசம் பேச நமக்கு அதிகாரம் இல்லை. செய்தவன் நம் சொந்தக்காரனாக இருந்தாலும், பதிக்கு நன்கொடை தருகிறவனாக இருந்தாலும் இதுவே தர்மம். வயது வந்த பெண் என்றால், புகார் கொடுப்பது பற்றி அவளே முடிவு செய்யட்டும். வழியைச் சொல்வது நம் வேலை, தள்ளிவிடுவது அல்ல.

அந்த வழியை நாம் தெரிந்துவைத்திருக்க வேண்டும். பெண்களுக்கு 181, பிள்ளைகளுக்கு 1098, அவசரத்துக்கு 112. எந்தப் போலீஸ் ஸ்டேஷனிலும் புகார் கொடுக்கலாம்; "எங்கள் எல்லை இல்லை" என்று திருப்பி அனுப்பக்கூடாது. அரசு ஆஸ்பத்திரியானாலும் தனியார் ஆஸ்பத்திரியானாலும் இலவசமாகச் சிகிச்சை தர வேண்டும். கர்ப்பத்தையும் எச்.ஐ.வி.யையும் தடுக்கும் மருந்து உண்டு. 72 மணி நேரத்துக்குள், எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் போக வேண்டும். நாள் கடந்துவிட்டாலும் போகத்தான் வேண்டும். உடுத்தியிருந்த துணியைத் துவைக்காமல் காகிதப் பையில் வைத்தால் சாட்சிக்கு உதவும்.

பக்கத்தில் உட்கார்ந்து கேட்பது அவள் விரும்புகிற ஆளாக இருக்கட்டும்; பெரும்பாலும் அது ஒரு பெண்ணாகத்தான் இருக்கும். ஆண்களாகிய நமக்கும் வேலை உண்டு. ஆட்டோ பிடித்துக் கொடுக்கலாம். ஆஸ்பத்திரி வாசலில் காத்திருக்கலாம். வீட்டில் இருக்கும் சின்னப் பிள்ளைகளுக்குச் சோறு கொண்டுபோகலாம். "அந்த நேரத்தில் ஏன் போனாய்?" என்று யாரும் கேட்க வேண்டாம். "உன்னை நம்புகிறோம், உன் மேல் குற்றம் இல்லை" என்று சொன்னால் போதும்.

வழக்கு வருடக்கணக்கில் இழுக்கும். முதல் வாரம் பத்துப் பேர் வருவார்கள், மூன்றாம் வருடம் கோர்ட்டுக்குத் துணைக்குப் போக ஆள் இருக்காது. அவள் சில நாள் பேசமாட்டாள், சில நாள் நம்மிடமே கோபப்படுவாள், நேற்று எடுத்த முடிவை இன்று மாற்றுவாள். அப்போதும் விட்டுப்போகாமல் நிற்க வேண்டும். அய்யா காட்டிய பொறுமை நமக்கு வேண்டியது அங்கேதான். அதை அவளிடம் கேட்காமல், நாம் பொறுப்போம்.

அய்யா உண்டு.